ஒரு தட்டு நிற்க, இரண்டு தட்டு வர

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. புதுச்சேரி சாரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி, பிரான்சின் மேற்குக் கரையில் இருக்கும் இந்தச் சின்னத் துறைமுக ஊருக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் நான் எதற்குப் பயப்படவில்லை என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். குடியுரிமை அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னலுக்குப் பயந்திருக்கிறேன். ரொட்டிக் கடையில் வாய் குழறும்போது எனக்குப் பின்னால் நீளும் வரிசைக்குப் பயந்திருக்கிறேன். தபால்காரர் கையெழுத்துக் கேட்டு மணியடித்தால் கூடப் பயம்தான். ஆனால் அவையெல்லாம் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். போன மாதம், எங்கள் கல்யாண நாளன்று வந்த பயம் இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அக்கா இப்போதும் சாரத்தில்தான் இருக்கிறாள். அவளிடம் "அவருக்குக் கால்ல சுளுக்கு" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் படித்துத்தான் அவளுக்கு முழுக் கதையும் தெரியப்போகிறது. அக்கா, திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

என் வீட்டுக்காரர் பெயர் மூர்த்தி. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். சொல்தா வீட்டுப் பிள்ளை, பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது, அங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார் என்றதும், மில் தொழிலாளியான என் அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் எங்கள் தெருவில் தனி மரியாதை. பெண்ணுக்குப் பிரெஞ்சு தெரியாதே, குளிர் தாங்குமா, கடலைக் கண்டால் நடுங்குவாளே என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

2

ஊரில் ஒரு வண்டி பின்னால் வருகிறது என்றால் அது அந்த ஓட்டுநரின் சொந்த விஷயம் இல்லை. தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு லாரி சந்துக்குள் திரும்பினால், டீக்கடையில் நிற்கிறவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவார். ஸ்கூட்டரில் போகிறவர் ஒரு காலை ஊன்றி நின்று, யாரும் கேட்காமலேயே "வரட்டும், வரட்டும், ரைட்ல ஒடி" என்பார். கிளீனரின் உள்ளங்கை லாரியின் முதுகில் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஓங்கி ஒரே தட்டு என்றால் "ஓல்டான்", நிறுத்து. ஓட்டுநர் திரும்பிப் பார்க்க மாட்டார், கால் தானாகப் பிரேக்கில் விழும். நான் காலாப்பட்டுக்குப் படிக்கப் போய்வந்த பஸ்ஸிலும் இதே சட்டம்தான். ஒரு விசில் நிற்க, இரண்டு விசில் போக.

இங்கே வந்த புதிதில், சூப்பர் மார்க்கெட் வாசலில் அவர் காரைப் பின்னால் எடுத்தார். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கி, பின்னால் போய் நின்று டிக்கியைத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். "வரட்டும், வரட்டும்... ஓல்டான்!" தள்ளுவண்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் நின்று, ஏதாவது விபத்தா என்று கேட்டாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தார்.

"தட்டு செல்வி. நீ தட்டுனாத்தான் ஊர்ல ஓட்ற மாரி இருக்குது."

அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. என் கை தட்டும், அவர் கால் நிற்கும். இப்போது இருக்கும் காரில் பின்னால் கேமரா இருக்கிறது, கீங் கீங் என்று கத்தும். அவர் அதை வாயடைத்து வைத்திருக்கிறார்.

எங்கள் ஒரே மகள் லீனாவுக்கு இது பிடிக்காது. பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தபோது, நான் காரிலிருந்து இறங்கினாலே அவள் பின் சீட்டில் சரிந்து தலையை மறைத்துக்கொள்வாள். "அம்மா, யாரும் இப்படிப் பண்ணல" என்று பிரெஞ்சில் கெஞ்சுவாள். பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டு எங்களோடு கடைக்கு வருவதை விட்டாள். இப்போது வேறு ஊரில் வேலை. தமிழ் பேசுவாள், ஆனால் அரசாங்கப் படிவம் நிரப்புகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து வைப்பாள். பொங்கலுக்கு வருகிறாயா என்றால் "பார்க்கிறேன்" என்பாள். பார்க்கிறேன் என்றால் இல்லை என்று அர்த்தம்.

3

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். பேருந்து வேலை முடிந்தது. ஓய்வு என்றால் தோட்டம் போடுவார், சமைப்பார் என்று நினைத்தேன். அவர் போய் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிவிட்டு வந்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றால் என்ன? சாயங்காலம் கடற்கரைச் சாலையில் கருங்கற்கள் மேல் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டு பார்க்கிற ஒன்று. மீன் பிடிக்கிறவர்கள் போவார்கள், அது அவர்கள் பிழைப்பு. எங்களைப் போன்றவர்கள் பார்த்துவிட்டு, காற்று வாங்கிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவோம். ஒரு சாண் தண்ணீரில்கூடக் கால் வைத்ததில்லை. அந்த ஊரில் பிறந்துவிட்டு இந்த மனிதர் படகு வாங்கினார் என்றால், நான் யாரிடம் போய்ச் சொல்ல?

படகை வாங்க ஒரு பகல்தான் ஆனது. அதை நிறுத்தி வைக்க இடம் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. துறைமுக அலுவலகத்தில் வரிசைப் பட்டியல், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் கடிதம், காப்பீட்டுத் தாள். புதுச்சேரிப் பிறப்புச் சான்றிதழில் அவர் மூர்த்தி, பிரெஞ்சு அட்டையில் கிருஷ்ணமூர்த்தி, படகின் பத்திரத்தில் இன்னொரு எழுத்து. மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று அந்த மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு விளங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் மட்டும் அசராமல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

பாய்மரப் படகு என்றால் பாயை விரித்தபடியே வந்து கரை சேரும் என்று நினைக்காதீர்கள். துறைமுக வாசலிலேயே பாயை இறக்கிச் சுருட்டிவிட்டு, அடியில் இருக்கும் சின்ன டீசல் மோட்டாரைப் போட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே நடுவில் வாய்க்கால் மாதிரி ஒரு பாதை. அதன் ஓரங்களில் மிதக்கும் பலகை மேடைகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் இடத்தில் இடது பக்கம் எங்கள் பலகை விரல். வலது பக்கம் முசியே அலேனின் படகு, முசியே என்றால் ஐயா. முசியே அலேன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். கைப்பிடிக் கம்பியெல்லாம் பளபளக்கத் துடைத்து வைத்திருப்பார். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சந்தில் நுழைய வேண்டும். காரில் என்றால் நான் இறங்கித் தட்டியிருப்பேன். படகிலும் அதையே செய்தேன். முன்பக்கம் மண்டிபோட்டு உட்கார்ந்து, மேல்தளத்தைத் தட்டினேன். பின்னால் சுக்கான் பிடியோடு நிற்கிறவருக்குப் படகின் நடுவில் இருக்கும் அறையின் கூரை முன்பக்கத்தை மறைக்கும், மோட்டார் சத்தத்தில் குரல் கேட்காது. ஆனால் தட்டு அவர் உள்ளங்காலில் கேட்கும். காற்றில்லாத நாட்களில் நன்றாகவே நடந்தது. முசியே அலேன் கைதட்டிக்கூடப் பாராட்டினார்.

ஆனால் அவர் ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தார். காற்று குறுக்கே வீசும் நாளில் இந்த விளையாட்டு கூடாது என்றார். படகுக்குப் பிரேக் கிடையாது. தண்ணீர் ஓடினால்தான் சுக்கான் வேலை செய்யும். வேகம் செத்தால் சுக்கானும் செத்தது, அதன் பிறகு படகு காற்று சொன்ன பக்கம் போகும். அதனால் காற்று வருகிற பக்கமாகவே மூக்கை வைத்து, கொஞ்சம் துணிந்து உள்ளே வர வேண்டும். படகின் நடுவில் கட்டிய கயிற்றைப் பலகை விரலின் நுனியில் இருக்கும் இரும்புக் கொண்டையில் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகும் மோட்டாரை நிறுத்தக் கூடாது. மெதுவாக முன்னால் ஓடவிட்டு, சுக்கான் பிடியைப் பலகைப் பக்கம் தள்ளிப் பிடித்தால், படகு தானாகப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியாக அவர் குனிந்து என் வீட்டுக்காரரின் முழங்காலைத் தொட்டு, "இதை மட்டும் வெளியே நீட்டாதே" என்றார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஸ்கூட்டர் என்பது உடம்போடு பிறந்த உறுப்பு. வண்டி சாய்ந்தால் கால் தரைக்குப் போய்விடும், மூளையைக் கேட்காது. படகு எதன் மேலாவது இடிக்கப் போனால் இவர் காலும் அப்படித்தான் வெளியே போகும். இரண்டு முறை அலேன் பார்த்துவிட்டார். இரண்டு டன் எடையைக் கால் தாங்குமா என்று கேட்டார். இவர் அதற்கும் சிரித்தார்.

எனக்கு அந்தப் பாடமெல்லாம் கேட்கக் கேட்க ஒரே ஒரு கேள்விதான். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நடுக்கடல்ல உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா இன்னாங்க பண்றது?"

"வராது."

"வந்தா?"

"நீ ஓட்டிக்கினு வா."

"எனக்கு இன்னா தெரியும்? கரையில கட்டத் தெரியாம உங்களைப் படகுல வச்சிக்கினு நான் சுத்திக்கினே இருக்கணுமா?"

"சுத்து. டீசல் கீது, நெறைய கீது."

அவருக்கு எல்லாமே விளையாட்டு. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் துறைமுக வாசலைத் தாண்டும்போது இந்தக் கேள்வி என்னோடு ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவர் இருமினால் திரும்பிப் பார்ப்பேன். நெஞ்சைச் சொறிந்தால் பார்ப்பேன். கடலைப் பார்த்ததே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

4

கல்யாண நாளுக்கு லீனா வந்திருந்தாள். அதுவே எனக்குப் பண்டிகை மாதிரி இருந்தது. காலையில் கேசரி கிளறினேன். அக்கா வீடியோவில் கூப்பிட்டாள்.

"கோயிலுக்குப் போனியா?"

"இங்க ஏது கோயிலு. படகுல போறோம்."

"கல்யாண நாளும் அதுவுமா கடலுக்கா? அவருக்குத்தான் புத்தி இல்ல, உனக்கு எங்க போச்சு?" என்றாள். பின்னாலிருந்து இவர், "அண்ணி, நீங்களும் வாங்க, ஏத்திக்கினு போறேன்" என்று கத்தினார்.

போகும்போது நல்ல வெயில். லீனாவும் அவரும் பிரெஞ்சில் ஏதேதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு மூன்று பேரும் ஒரு கூரையின் கீழ் இருக்கிற மாதிரி இருந்தது, கூரைதான் இல்லை. கேசரியைக் காகிதத் தட்டில் தின்றோம். நான்கூட ஒரு ஐந்து நிமிடம் அவர் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

திரும்பும்போது காற்று மாறியது. வானிலைச் செய்தியில் சொன்னது சாயங்காலத்துக்கு மேல். அது மத்தியானமே வந்துவிட்டது. துறைமுக வாசலில் பாயை இறக்கும்போதே துணி கையைப் பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே நுழைந்ததும் எனக்குக் கேட்டது, நிறுத்தி வைத்த படகுகளின் பாய்மரங்களில் எல்லாம் கம்பிகள் அடித்துக்கொள்ளும் சத்தம். நூறு பேர் சேர்ந்து டம்ளரில் கரண்டியால் தட்டுகிற மாதிரி.

அன்று காற்று வாய்க்காலின் நீளத்துக்கு எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியது. அப்படியென்றால், எங்கள் சந்துக்குள் திரும்பும்போது அது குறுக்கே அடிக்கும், பலகையிலிருந்து பிரித்து அலேன் படகின் மேல் தள்ளும். இவருக்கு அது தெரியும். லீனாவை நடுவில் கயிற்றோடு நிறுத்தினார். என்னை முன்பக்கம் போகச் சொன்னார்.

"செல்வி, இன்னிக்கு ஓல்டான் கெடையாது. ஞாபகம் வச்சிக்க."

"சரிங்க," என்றேன். ஞாபகம் வைத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

முதுகில் காற்று தள்ள, படகு வந்த வேகம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. சந்துக்குள் திருப்பினார். நான் இரண்டிரண்டாகத் தட்டினேன். முன்பக்கம் வலது பக்கமாக நழுவியது. அலேனின் பளபளக்கும் கம்பி நேராக என் முகத்துக்கு வந்தது. கை மேலே போய் ஓங்கி ஒரே தட்டுத் தட்டியது.

முப்பது வருடப் பழக்கம். அவர் கையும் யோசிக்கவில்லை. கியர் கம்பியை நடுவுக்கு இழுத்துவிட்டது.

மோட்டார் உறுமல் தணிந்தது. ஒரு கணம் எல்லாம் நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் காற்று எங்களைத் தூக்கிக்கொண்டது. படகு அப்படியே பக்கவாட்டில் போய் அலேன் படகின் மேல் சாய்ந்தது. இவர் சுக்கானை விட்டுவிட்டு ஓரத்துக்குப் பாய்ந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் வலது கால் கம்பிக்கு வெளியே இருந்தது.

அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

5

மோதிய வேகத்தில் எங்கள் படகு பின்வாங்கி வாய்க்காலுக்குள் சரிந்தது. நான் எப்படிப் பின்பக்கம் போனேன் என்று தெரியவில்லை. அவர் பின்தளத்தில், சுக்கான் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கை நெஞ்சின் மேல் கிடந்தது.

"இன்னாங்க, நெஞ்சா? நெஞ்சா வலிக்குது?"

"கால்..." என்றார். கண் மூடிக்கொண்டது.

காலால் மட்டும் மனிதன் இப்படி ஆவானா? எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். அது நடுக்கடலில் வரவில்லை, வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. ஆம்புலன்சுக்காரர்கள் பலகை மேடை வரைக்கும்தான் வருவார்கள். அவரை அந்தப் பலகையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வேறு யாரும் இல்லை. வாய்க்காலின் கோடியில் கருங்கல் சுவர். காற்று எங்களை அதை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

நான் சுக்கான் பிடியைப் பிடித்தேன். கியர் கம்பியை முன்னால் தள்ளினேன். மோட்டார் உறுமியது. வலது பக்கம் போக இடது பக்கம் தள்ள வேண்டும், அது மட்டும் தெரியும், வெளியே அகலமான கடலில் அவர் சில நேரம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். சுவர் கிட்டே வந்து, கல்லில் ஒட்டியிருந்த பாசியெல்லாம் தெரிந்தது. படகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் காற்றுக்கு எதிரே நின்றது. காற்று முகத்தில் அடித்தது. ஆனால் எதிர்க்காற்றில் படகு சொன்ன பேச்சைக் கேட்டது. காற்றை முதுகில் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

லீனா நடுவில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பிரெஞ்சில் என்னென்னவோ சொன்னாள், "அப்பா, அப்பா" என்பது மட்டும் தமிழ்.

"லீனா! கயித்து நுனியக் கையில எடுத்துக்கினு முன்னாடி போ! தட்டு!"

அவள் புரியாத மாதிரி பார்த்தாள். அவளுடைய வாழ்க்கையில் அவள் தட்டியதே இல்லை. தட்டுகிற அம்மாவைப் பார்த்து சீட்டுக்கடியில் ஒளிந்துகொண்ட பெண் அவள்.

"நான் தட்டுவனே, கார்ல, அந்த மாரி! போ கண்ணு!"

போனாள். கயிற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் போய் மண்டிபோட்டாள். அதற்குள் முசியே அலேன் தன் படகிலிருந்து குதித்து, சுற்றி ஓடி, எங்கள் பலகை விரலின் நுனிக்கு வந்துவிட்டார். கையில் கொக்கிக் கழி. அவருடைய மஞ்சள் மழைச்சட்டை காற்றில் படபடத்தது. இங்கே, இங்கே என்று தன் காலடியைக் காட்டினார். முப்பது வருடமாகப் படித்த பிரெஞ்சு எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. "முசியே, கயித்தப் புடிங்க! புடிச்சிருங்க!" என்று சாரத்துத் தெருவில் கத்துகிற மாதிரி கத்தினேன். அவர் தலையை ஆட்டினார்.

எங்கள் சந்தைக் கொஞ்சம் தாண்டவிட்டு வலது பக்கம் திருப்பினேன். காற்று இடது கன்னத்துக்கு மாறியது. மூக்கை சந்தின் நடுவில் வைக்கவில்லை, மஞ்சள் சட்டையின் மேலேயே வைத்தேன். பிறகு அறையின் கூரை அந்த மஞ்சளை மறைத்துவிட்டது. எனக்கு முன்னால் வெள்ளைக் கூரை, சுருட்டிய பாய், அவ்வளவுதான். என் காலடியில் அவர், அசையாமல்.

தட்டு கேட்டது. இரண்டு. என் உள்ளங்காலில் கேட்டது. மறுபடி இரண்டு.

நிறுத்து, நிறுத்து என்று என் உடம்பே கத்தியது. கியர் கம்பியின் மேல் இருந்த கை தானாகப் பின்னால் இழுத்தது. பலகையில் மோதி அலேனை நசுக்கப் போகிறேன் என்று நினைத்தேன். லீனா முன்னால் இருக்கிறாள், அவள்தான் முதலில் அடிபடுவாள் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பயந்ததில்லை, அக்கா, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குச் சிறுநீர்கூடப் போய்விட்டது. ஆனால் இரண்டு தட்டுத்தான் வந்தது. இரண்டு, இரண்டு, இரண்டு. அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இடமிருக்கிறது என்றால்தானே தட்டுவாள்? அந்தக் கையை நம்பினேன். கம்பியைத் தொடாமல் விட்டேன்.

இடது பக்கம் பலகை சரசரவென்று ஓடிவந்தது. மஞ்சள் சட்டை என்னைத் தாண்டிப் போனது. கொக்கிக் கழி நீண்டு கயிற்றை இழுத்தது. அலேன் குனிந்து இரும்புக் கொண்டையில் மாட்டினார். கயிறு முறுகி, ஒரு முனகு முனகி, படகைப் பிடித்து நிறுத்தியது. நான் முன்னால் விழப் பார்த்தேன்.

நிறுத்தாதே என்று அலேன் கையைச் சுழற்றினார். பிடியைப் பலகைப் பக்கம் தள்ளினேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. படகு மெதுவாகச் சாய்ந்து பலகையோடு ஒட்டிக்கொண்டது. காற்று அடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் அது எங்களைப் பிரிக்கவில்லை.

முன்பக்கம் அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

6

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் என் அட்டையையும் அவர் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். குடும்பப் பெயர் பொருந்தவில்லையே, நீங்கள் நோயாளிக்கு யார் என்று கேட்டாள். என் அப்பாவின் பெயரைத்தான் இந்த நாடு என் குடும்பப் பெயராக்கி வைத்திருக்கிறது. வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான் நடுங்கிப்போவேன். அன்று நான் பதில் சொல்வதற்குள் லீனா, அவள் பிரெஞ்சில், அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து நாலு வார்த்தை பேசினாள். கதவு திறந்தது.

நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அதை நான் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். முகம் அப்படி ஆனதும் கண் மூடியதும் வலியால்தான். பாதத்தில் எலும்பு உடைந்திருக்கிறது, கணுக்காலிலும் கீறல், அறுவை செய்து கம்பி வைக்க வேண்டும். மயக்க ஊசி போடுவதற்கு முன் அவரைப் பார்க்க விட்டார்கள்.

"அலேன் படகுக்கு இன்னா ஆச்சு?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. நான் கன்னத்தில் அறையலாம் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓல்டான் தட்டிட்டேங்க. சொல்லியும் தட்டிட்டேன்."

"நானும்தான் நிறுத்திட்டேன். சொன்ன ஆளே நிறுத்திட்டேன்," என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அவருக்கும் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு நானும் லீனாவும் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். அவளுடைய வலது உள்ளங்கை ரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. அதை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. முப்பது வருடம் தட்டிய நான் பயந்து நிறுத்தினேன், ஒரு நாளும் தட்டாதவள் கடைசி வரை நிறுத்தவில்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"எவ்ளோ தைரியம்டி உனக்கு. பலகை அவ்ளோ கிட்ட வந்துச்சு. ஒரு வாட்டிகூட நீ ஒத்தைத் தட்டு தட்டல. நீ தட்டுனதக் கேட்டுத்தான் நான் வந்தேன்."

அவள் உள்ளங்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எப்போதும் போல வார்த்தை வார்த்தையாக யோசித்துத் தமிழில் சொன்னாள்.

"நான் பாக்கலம்மா."

"இன்னா பாக்கல?"

"எதுவும் பாக்கல. பயமா இருந்துச்சு. கண்ண மூடிக்கிட்டேன். நீ தட்டச் சொன்ன, அதனால தட்டினேன். அலேன் கத்துற வரைக்கும் நான் கண்ணத் தொறக்கவே இல்ல."

சிவந்திருந்த அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். சுக்கான் பிடித்தபோது நடுங்காத என் கை அப்போதுதான் நடுங்க ஆரம்பித்தது.

இன்னும் நிற்கவில்லை, அக்கா.